பாயிண்ட்

கிழங்கு லாரி மேடையேறியதும்
சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்.
பதினோரு டன் இருநூறு.
சீட்டில் எழுதுவேன். அது விலை அல்ல.

ஐந்து கிலோக் கிழங்கைக் கழுவி
கூடையோடு தண்ணீருக்குள் தொங்கவிட்டால்
முள் நிற்கிற இடத்தில் இருக்கிறது விலை.
மாவு கட்டியது கனத்து இழுக்கும்.
மழை குடித்தது லேசாக ஆடும்.
இருபத்தெட்டு பாயிண்ட். இருபத்திரண்டு பாயிண்ட்.

வாழப்பாடி தாண்டி இந்தச் சேகோ ஆலையில்
பத்தொன்பது வருடமாக ஒரே சண்டை:
"அவனுக்கும் பதினோரு டன், எனக்கும் பதினோரு டன்.
எனக்கு மட்டும் ஏனுங்க காசு குறையுது?"
"எடை ஒண்ணுதானுங்க. பாயிண்ட் வேற."
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
என் நாக்கு இதைச் சொல்லும்.

மாசியில் ஒரு புதன்கிழமை
மூட்டைக் கொட்டகையில் மருத்துவ முகாம்.
ஏற்காட்டிலிருந்து இருபது வளைவும் இறங்கி
வந்திருந்தார் நர்ஸ் ஜெசிந்தா,
பேருந்தில் மடியிலேயே வைத்திருந்த எடைக்கருவியோடு.

சடையாண்டி செருப்போடு ஏறினார்.
இறக்கி, கழற்றச் சொல்லி, ஏற்றினார்கள்.
எழுபத்தொன்பது கிலோ.
உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி
எடையை அதால் வகுத்து
இருபத்தாறு புள்ளி ஏழு என்று
சிவப்பு மையில் எழுதினார்.
தொண்ணூறு கிலோ மூட்டைக்குக் கூசாத தோள்
கூசிக்கொண்டு இறங்கியது.

நான் அறுபத்திரண்டு.
இருபத்திரண்டு புள்ளி எட்டு. பச்சை மை.
சிரித்துவிட்டேன். சத்தமாகவே.

பிறகு நாடாவை எடுத்தார்.
"பேண்ட் சைஸ் முப்பத்தினாலுங்க."
"அது வயித்துக்குக் கீழ நீங்க கட்டுற இடம்" என்று
தொப்புளைச் சுற்றிப் பிடித்தார்.
மூச்சை உள்ளே இழுத்தேன்.
அவர் காத்திருந்தார்.
எவ்வளவு நேரம்தான் பிடிப்பது?
தொண்ணூற்றேழு சென்டிமீட்டர்.

சடையாண்டிக்கு எண்பத்து நாலு.
விரல் நுனியில் எடுத்த சொட்டும் அவர் பக்கமே.
எனக்கு, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தும்
இருநூற்றுப் பத்து.

எடை பச்சையில்தானே இருக்கு,
எனக்கு மட்டும் ஏனுங்க
என்று வாய்வரை வந்ததை
வெற்றிலை எச்சிலைப் போல் விழுங்கினேன்.

சிவப்பு எண்ணை அவர் அடிக்கவில்லை.
பக்கத்தில் எண்பத்து நாலை எழுதி
"ரெண்டையும் சேத்துப் படிங்க" என்று
சடையாண்டி கையில் கொடுத்தார்.
என்னிடம்,
"நாளைக்கு வெறும் வயித்துல வாங்க."

வெளியே லாரி ஹாரன் அடித்தது.
போகிற வழியில் சோதனைத் தொட்டியைப் பார்த்தேன்.
எங்கள் இருவரையும் இதில் தொங்கவிட்டால்
சடையாண்டி முள்ளை இழுத்துப் பிடிப்பார்.
நான் மிதப்பேன்.

அன்று கடைசி லோடு
பெத்தநாயக்கன்பாளையத்துக்காரருடையது.
"இருபத்து நாலுதானா?"
பழைய வாக்கியம் வரவில்லை.
"நீங்களே பாருங்க" என்று விலகினேன்.

அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார்.
நான் தண்ணீரைப் பார்த்தேன்:
கலங்கிய என் சட்டையில் கீழிருந்து மூன்றாவது பொத்தான்
நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு
நின்றது.