வஞ்சிரம், சங்கரா, நெத்திலி

எங்கள் வீட்டுக் கணினிகளுக்கு மீன் பெயர்.
வைத்தவன் எட்வின், கல்யாணமான புதிதில்.
சோலை நகரில் எதற்கும் அந்த வாடைதான் வரும்.
முன்கடையில் சங்கரா, பில் போட.
அடுப்படி மேடையில்
மிக்சிக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே நெத்திலி,
ரெண்டு ஜிபி, கீல் உடைந்தது.
மொட்டைமாடித் தகர அறையில்
விசிறி இரைய வஞ்சிரம்.

பேனர் போடும் மென்பொருளுக்கு
ஒரே ஓர் உரிமம்தான் வாங்க முடிந்தது.
ஓடுவது மேலே. தெரிவது இங்கே.
நான் சுட்டியை அசைத்தால்
அந்த அசைவு நீலக் கம்பியில் ஏறி
படி திரும்பி
குளவிக் கூட்டைத் தாண்டிப் போய்
படமாக இறங்கி வரும்.
உப்புக் காற்று அரித்த செருகியை
மாதம் ஒருமுறை அழிரப்பரால் தேய்ப்போம்.
அப்படியும் சில நாள்
எழுத்து என் விரலுக்குப் பின்னால் நடந்து வரும்.

மூன்று நாளாகப் பேச்சில்லை.
தம்பிக்குக் கொடுத்தான், நாற்பதாயிரம்,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.
மேலேயே படுத்துக்கொள்கிறான்.
படியில் தட்டு வைக்கிறேன்,
கழுவின தட்டு படிக்குத் திரும்புகிறது.

பதினொன்றரைக்கு ஷட்டரைத் தட்டினார்கள், நாலு பேர்.
போனில் ஒரு படம்:
கல்யாணப் பந்தியில் சிரிக்கிற ஆள்,
தோளில் யாரோ கை.
"காலைல எட்டுக்குள்ள வேணும்க்கா. பத்துக்கு எட்டு."

பக்கத்து ஆளை வெட்டினேன்.
தோளில் நாலு விரல் மட்டும் மிஞ்சியது.
கண்ணீர் அஞ்சலி.
கீழே, தூக்கக் கலக்கத்தில்,
'ஆராத் துயரில்' என்று அடித்துவிட்டேன்.

என் கை சுட்டியில் இல்லை.
அம்பு நகர்ந்தது.
ர-வின் மேல் போய் நின்றது, யோசித்தது,
அழித்தது.
ற.

ஒரே அம்பு, அவனுக்கும் எனக்கும்.
நான் பிடித்தால் அவனால் முடியாது.
பிடித்தேன்.
பேனருக்கு வெளியே, அச்சில் வராத சாம்பல் ஓரத்தில்
அடித்தேன்: சோறு ஆறுது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
கம்பி கழன்றுவிட்டதோ என்று செருகியை அழுத்திப் பார்த்தேன்.
பிறகு அம்பு வந்தது,
என் வரியைத் தேர்ந்தது,
அழித்தது.

தலைக்கு மேலே நாற்காலி இழுபடும் சத்தம்.
அது கூரை வழியாக நேராக வந்தது,
பிந்தவில்லை.

தோள் விரல்களை நான் பெரிதாக்கி
ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கியபோது
கடைசிப் படியில் நின்றிருந்தான், கையில் தட்டு.
என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான்.
"அந்த வெரல் இருக்கட்டும்" என்றான்.