ரசீது எண் ஒன்று

காலாப்பட்டில் மழை விட்டிருந்த வெள்ளிக்கிழமை.
சட்டக் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில்
நான்கு மின்விசிறிகளில் இரண்டு சுற்றின.
பேனரின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது:
'நிலம், மனை, வணிகம்: சட்டம் சொல்வதென்ன?'
சிறப்புரை வழக்கறிஞர் அமலோர்பவநாதன்.

பெயர் எங்களுக்குப் புதிது.
ஆள் புதிதில்லை.
கறுப்புக் கோட்டோடு அவர் மேடையேறியபோது
ஷமீனா என் தொடையைக் கிள்ளினாள்.
"அடியே, மோட்டார் சார்!"

மாதம் ஐந்தாம் தேதி கட்டம்போட்ட கைலியில் வந்து
ஒன்பதாயிரத்தை எச்சில் தொட்டு எண்ணுபவர்.
"தண்ணியப் பாத்துச் செலவு பண்ணுங்கம்மா" என்று
படியிறங்கும்போது சொல்பவர்.
ஏழரைக்கு மோட்டார் நிற்கும்.
என்ன சார் வேலை என்று ஒருமுறை கேட்டதற்கு
"பிசினஸ்" என்றிருந்தார்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது.
பொய் சொல்லக் கூடாது.
முப்பது வருடத்து வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும்,
முப்பத்தோராம் வருடத்தில்
யாரோ ஒரு சித்தப்பா உட்கார்ந்திருப்பார் என்றார்.
பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதாஸ்தர் எண்ணும்
இன்றைய ரீசர்வே எண்ணும்
சம்பந்தி வீட்டார் மாதிரி,
ஒரே பந்தியில் உட்காரும், ஒத்துப்போகாது என்றார்.
கூடம் சிரித்தது. நானும்.

பிறகு கார்ப்பெட் ஏரியா.
சுவரின் தடிமனை விலைக்கு வாங்காதீர்கள்,
கால் நடக்கிற தரைக்கு மட்டும் காசு கொடுங்கள்.
எங்கள் அறையில்
நான்கு பாய் விரித்தால் கதவு திறக்காது.
நாகலட்சுமி ஏனாமுக்குப் போன பிறகு
கால் நடக்கிற தரை
ஒரு பாய் அகலம் கூடியிருக்கிறது.

அவள் பங்கு முன்பணம் பத்தாயிரம்
ஜூனிலிருந்து அவரிடம்.
பேங்க் லீவு, அடுத்த வாரம், சுவரில் ஆணி,
வெள்ளையடிக்கணும், அடுத்த வாரம்.
எழுதின தாள் ஒன்றுமில்லை.
சாட்சி என்றால் அவர் எச்சில்தான்,
அதுவும் இந்நேரம் நோட்டோடு
எந்தக் கல்லாவுக்குப் போயிற்றோ.

கேள்வி நேரம்.
சூடான பாத்திரம் போல
யார் கையிலும் தங்காமல் மைக் என்னிடம் வந்தது.
எழுந்தேன்.
வினாத்தாளில் செய்வது போல
ஆட்களின் பெயரைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்.
"ஐயா, 'அ' என்பவர்
'ஆ' என்பவருக்கு வீடு வாடகைக்கு விடுகிறார்.
ஒப்பந்தம் இல்லை. ரசீதும் இல்லை.
'ஆ' காலி செய்து ஐந்து மாதம்.
முன்பணம் என்னாகும்?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடித்தார்.
மூடி சரியாக விழவில்லை,
மறுபடி திறந்து மூடினார்.
பிறகு பேசினார், ஒரு பிசிறில்லாமல்.
வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே.
மாதாமாதம் வாங்கிய கை மறுக்க முடியாது.
ஆணி அடித்த துளை சாதாரணத் தேய்மானம்,
'ஆ' அதற்குப் பொறுப்பில்லை.
'அ' திருப்பித் தர வேண்டும்,
கேட்கும்வரை காத்திராமல் தர வேண்டும்.
"இதில் சட்டத்துக்குச் சந்தேகமே இல்லை."

நான் ஆணியைப் பற்றிச் சொல்லவே இல்லை.

முதலில் கைதட்டியது ஷமீனா.
துறைத்தலைவர் சால்வை போர்த்தினார்.

ஐந்தாம் தேதி கைலியில் வந்தார்.
எண்ணினார்.
மடியிலிருந்து புது ரசீதுப் புத்தகம் எடுத்தார்,
கார்பன் தாளில் ஒரு கீறல் கிடையாது.
எண் 001.
பதினோரு வருடமாக
வாடகைக்கு விடுகிற மாடி அது.
நாகலட்சுமிக்கு ஒரு கவர், உள்ளே ஆறாயிரம்.
மீதி சார்?
"பெயிண்ட் என்ன வெல விக்குதும்மா" என்றார்,
"வேணும்னா அப்பீல் போ."
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ரசீதைப் படமெடுத்து ஏனாமுக்கு அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.
கொஞ்சம் கழித்து, "நாலு?"

அன்று மோட்டார் ஏழுக்கே நின்றது.
அரை வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தேன்.
பெறுநர் என்ற இடத்தில்
'அ' என்று எழுதி
பேனாவைத் தூக்காமல்
மிச்சப் பெயரையும் எழுதினேன்.