ஓட்டைக்கும் காசா

பிலோமினா அனுப்பிய படத்தில்
ஏரி மேல் ஒரு லாரி நிற்கிறது.
ஏரிக்குள் இல்லை, மேலே.
மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன்.
பக்கத்தில் ஒரு ஆள் முக்காலி போட்டு உட்கார்ந்து
காலடியில் ஒரு ஓட்டையை
முறைத்துக்கொண்டிருக்கிறார்.
'மனிடோபாவில் இப்படித்தான் மீன் பிடிக்கிறார்கள்.
நீ வா, உனக்கும் ஒரு ஓட்டை உண்டு.'

எனக்கா ஐஸ் புதுசு?
காசிமேட்டில் ராத்திரி ஷிப்ட்.
உப்புத்தண்ணித் தொட்டியில் டப்பா இறக்கி
அமோனியா நெடியில் கண் எரிய
விடிவதற்குள் முந்நூறு பாளம்.
ஒவ்வொன்றின் நடுவிலும்
வெள்ளையாய் ஒரு நரம்பு ஓடும்.
ஆனால் இங்கே ஐஸ்
செத்த மீனுக்குப் போர்த்துவது.
அதற்கு அடியில் உயிரோடு மீன் நீந்துமென்று
பதினாறு வருஷமாய்
ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை.

விசா வரும்போது வரட்டும்.
புதுப்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
பழைய ஆட்டோவின் ஸ்டீயரிங் தண்டு கிடைத்தது.
லேத் கடை அன்வருதீன்
அதில் சுருள் தகடு பற்றவைத்துக்கொண்டே கேட்டான்:
"எதுக்கு இது?"
"ஐஸ்ல ஓட்டை போட."
"விட்டா அதுவே உருகிடுமேப்பா."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
தூண்டிலுக்கு உடைந்த பேட்மிண்டன் மட்டை.
நூல் சுற்ற தையல் மிஷின் பாபின்,
அது போதாமல்
பக்கத்து வீட்டுப் பையனின் காத்தாடி லொட்டாய்
(இருபது ரூபாய் வாடகை, கறாராய் வாங்கிவிட்டான்).
மீன் இழுத்தால் நிமிர ஒரு கொடி வேண்டும்:
குடைக்கம்பி, அலாரம் கடிகாரத்தின் ஸ்பிரிங்,
கேக் டப்பாவின் சிவப்பு ரிப்பன்.
ஓட்டையில் மிதக்கும் தூளை அள்ள
வீட்டில் பூந்திக் கரண்டி இருந்தது.

முதல் பாளம்
தண்டை நாலு சுற்று சுற்றியதும்
நரம்போடு இரண்டாய்ப் பிளந்து
என் கட்டைவிரலுக்கு அரை அங்குலம் தள்ளி விழுந்தது.
நரம்பை விட்டு ஓரமாய்ப் போடு என்றான் சூசைராஜ்,
கம்ப்ரஸர் பக்கம் கண்ணைத் திருப்பாமலே.

மீன் கழுவும் சிமெண்ட் தொட்டியை
விளிம்பு வரை நிரப்பி
ரெட்டேரிக் கெளுத்தி இரண்டை விட்டு
மேலே ஆறு பாளம் வரிசையாய் அடுக்கினோம்.
ஆறு பாளத்தில் ஒரு ஏரி.
லாரி நிற்காது. நான் நின்றேன், செருப்போடு,
பனியனில் வேர்வை சொட்ட.

மூணு நாற்பதுக்குக் கொடி நிமிர்ந்தது.
சூசைராஜ் கத்தினான்.
லோடு ஏற்றும் ஆட்கள் ஓடி வந்தார்கள்,
ஒருவன் கையில் கொக்கியோடு.
இழுத்தேன்.
கொக்கி முள்ளில் இறால் அப்படியே இருந்தது.
சென்னைப் புழுக்கத்தில் பாளம் கரைந்து
கம்பி சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.
கெளுத்திகளோ அடித்தரையில்
மீசையைக் கூட அசைக்காமல் கிடந்தன.
எங்களைப் போலவே அவற்றுக்கும்
இது முதல் குளிர்காலம்.

அவளுக்கு வீடியோவில் காட்டினேன்.
அங்கே சாயங்காலம் நாலேகால், அதற்குள் இருட்டு.
ஆஸ்பத்திரி கோட்டைக் கூடக் கழற்றாமல் சிரித்தாள்.
"அந்த இரும்பு எத்தனை கிலோ?"
"பதினொன்று."
"பெட்டிக்கே இருபத்து மூணுதான்.
அதெல்லாம் இங்கே கடையில் கிடைக்கும்."
கொஞ்ச நேரம் பேசாமலிருந்து
"பூந்திக் கரண்டியை எடுத்துட்டு வா" என்றாள்.
மீனுக்கா பூந்திக்கா என்று
நான் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு 'ஸ்டெல்லா மேரி' படகுக்கு லோடு.
பாளங்களைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து
மற்றவற்றோடு தள்ளிவிட்டோம்.
ஓட்டை உள்ளதை மட்டும் நிறுத்தி
படகுக்காரர் லாசர் டார்ச் அடித்தார்,
ஓட்டை வழியாய் என் முகத்தில்.
"இன்னாபா இது?
ஓட்டைக்கும் சேத்தா காசு?"