வேலை நேரத்தில் மட்டும்

கோப்பின் முதல் பத்தியில் ஒரு கருவி இருக்கிறது.
அதற்கு முகவரி கிடையாது.
எந்த அலமாரியிலும் அதன் விசிறி சுழலவில்லை.
பதிவு: பூஜ்யம் என்று அதன் கீழேயே எழுதியிருக்கிறது.
இருந்தும் எங்கள் நூற்று நாற்பத்து மூன்று ஹோஸ்டுகளும்
முதல் வரியில் அதன் பெயரைத்தான் சொல்கின்றன.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்.
பதில் இல்லையா, கலங்காதே,
இன்னும் இரண்டு முறை தட்டு.
மூன்றாவதும் மௌனம் என்றால் போய்விட்டதாகக் கொள்.
பிறகு சொல்.
யாருக்கு: பணியில் இருப்பவருக்கு.
எப்போது: வேலை நேரத்தில்.

ஏழு வருடம் அந்தக் கடைசி வரியைத்
தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்,
கதவோரம் கிடக்கும் யாருடையதோ ரப்பர் பூட்ஸைத் தாண்டுவதுபோல்.

பிப்ரவரி. சனி இரவு.
ஃபாரோவின் காற்று படகுத்துறைத் தகரங்களைப்
பிய்த்துக்கொண்டிருந்தது. சாலையை மூடிவிட்டார்கள்.
சால்மன் குஞ்சுக் கூடத்தில், நான்காம் தொட்டியில்,
ஆக்ஸிஜன் பெட்டி வாயை மூடிக்கொண்டது.
ஒரு ஃபியூஸ். நாற்பது குரோனர்.

ஒன்பது இருபத்தைந்துக்கு மென்பொருளுக்குத் தெரியும்.
திங்கள் காலை எட்டு மணிக்கு
என் கைபேசி கிணுங்கியது.

நடுவில் அது தூங்கவில்லை.
நானூற்றுப் பதினைந்து முறை போய்த் தட்டியிருக்கிறது.
இல்லை, இல்லை, இல்லை என்று
ஆளில்லா அறையின் திரையில்
சிவப்பில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.
பார்க்கச் சொல்லியிருந்தோம், பார்த்தது.
பேசச் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது
மர்யுன் வலையால் அள்ளிக்கொண்டிருந்தாள்.
ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்.
பதினோராயிரம் என்று அறிக்கையில் எழுதினோம்.
யாரும் எண்ணவில்லை,
எடை போட்டோம்.

அந்தப் பெட்டியைக் கோப்பில் சேர்த்தது நான்.
பெயர் கொடுத்தேன், முகவரி கொடுத்தேன்,
மற்றதெல்லாம் மேலே உள்ளபடி என்று விட்டுவிட்டேன்.
மௌனம் சம்மதம் என்பது
கல்யாணப் பேச்சில் மட்டுமில்லை.

மேலே உள்ளதை எழுதியவன் எயுன்.
இப்போது கோபன்ஹேகனில் காபி இயந்திரம் விற்கிறான்.
திட்டுவதற்காகத்தான் கூப்பிட்டேன்.
அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அப்போது நம்மிடம் ஒரே ஒரு சர்வர்,
அதுவும் சம்பளக் கணக்குக்கு.
குழந்தை பிறந்து மூன்று வாரம்.
ராத்திரி போன் அடித்தால் எழுந்துவிடுவாள் என்று போட்டேன்."
பின்னால் ஒரு பெண்குரல்
அவனிடம் கார் சாவி கேட்டது.

திட்டவில்லை. வைத்துவிட்டேன்.

அன்று மாலை அந்த வரியை மாற்றினேன்:
எல்லா நாளும், எல்லா மணியும்.
சரிபார்க்கும் கட்டளை
எப்போதும் சொல்வதையே சொன்னது: பிழை பூஜ்யம்.
அந்தச் சனிக்கிழமையும் பூஜ்யம்தான்.

ராத்திரி மூன்று நாற்பதுக்குப் போன் அலறியது.
சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து பார்த்தால்
உணவுக்கூடத்து அச்சுப்பொறி.
நாலு மணிக்கு வரவேற்பறைத் தொலைக்காட்சி.
நாலரைக்கு, ஹெர்போர்க் வீட்டுக்குக் கொண்டுபோய்
அணைத்து வைத்த மடிக்கணினி.
எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்,
ஒரே குரலில் கத்தினார்கள்.

விடியும்வரை உட்கார்ந்து
ஒவ்வொன்றாகக் கேட்டேன்:
நீ செத்தால் யாருக்கு வலிக்கும்?
நூற்று நாற்பத்து மூன்று தடவை.
சிலவற்றுக்குப் பதில் எனக்குத் தெரியவில்லை,
மர்யுன் வரட்டும் என்று விட்டுவைத்தேன்.

பம்புகளின் தலையில் புதிய பெயர் ஒன்று எழுதினேன்.
அதற்கும் முகவரி இல்லை. அதற்கும் பதிவு பூஜ்யம்.
அது ஞாயிற்றுக்கிழமையிலும் பேசும்.

எயுனின் வரியை அழிக்க வந்தவள்
அச்சுப்பொறிக்குக் கீழே ஒட்டினேன்:
வேலை நேரத்தில் மட்டும்.
பக்கத்தில் ஒரு குறிப்பு, மென்பொருள் படிக்காமல் தாண்டிவிடும் குறி போட்டு:
குழந்தை தூங்குகிறது.