எத்தனை ஏக்கர்

மண்டூரில் என் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு.
சனம் சொல்வது மருந்துக்கடை.
பூச்சிக்கும் மருந்து, காய்ச்சலுக்கும் மருந்து;
இந்தப் பொல்லாத சொல்லை
யார் எங்களுக்குத் தந்தது?

பிரதேச செயலகத்தில் அரைநாள் வகுப்பு.
ஒரு பணிஸ், ஒரு பால்பக்கட், ஒரு தாள்.
தாளில் கட்டம் போட்டு ஆண், பெண், வயது.
டொக்டர் கேட்டார்:
"யாருக்கு விற்கக் கூடாதென்று தெரியுமா?"
கைதூக்கியவர்களில் நான் இல்லை.

அதற்கு முதல் வருடம்
யூனிபோர்மோடு ஒரு பிள்ளை வந்தது.
"அம்மா வாங்கிவரச் சொன்னா."
கொடுத்தேன். மிச்சக் காசும் எண்ணிக் கொடுத்தேன்.
பிழைத்துவிட்டாள்.
இப்போது தையல்கடையில் நிற்கிறாள்,
சத்தமாகச் சிரிப்பாள்,
என் கடைப்பக்கம் மட்டும் கிறுகமாட்டாள்.

அதன்பிறகு கேட்கத் தொடங்கினேன்.
எத்தனை ஏக்கர்? எந்த வட்டை?
என்ன பூச்சி, இலையிலா தண்டிலா?
வயல்காரன் வாயோயாமல் சொல்லுவான்,
பூச்சியைத் திட்டுவான், கடனுக்குக் கேட்பான்.
லோன்காரன் வரும் செவ்வாய்க்கு முதல்நாள்
வந்தவள் விலைகூடக் கேட்கவில்லை.
பிள்ளைகள் மூவரும் கட்டாரில் இருக்க
தனியே சமைக்கும் கிழவரும் கேட்கவில்லை.
"ஸ்டொக் முடிஞ்சுது. இருங்க, தேத்தண்ணி குடிப்பம்."

தேவநேசன் வந்தது மாசியில்,
வட்டையெல்லாம் மாடு மேயும் நேரம்.
எத்தனை ஏக்கர் என்றேன்.
"வெட்டியாச்சே" என்றவர் நாக்கைக் கடித்தார்.
என் முதுகுக்குப் பின்னால் ராக்கை நிறையப் போத்தல்.
முடிஞ்சுது என்றேன்.
இருவரும் அந்தப் போத்தல்களைப் பார்த்தோம்.

"சாகிற யோசனையோ அண்ணன்?"
கேட்டேவிட்டேன்.
கேட்டால் தூண்டிவிடும் என்று
அம்மா சொல்லியிருந்தா.
தூண்டவில்லை. அவர் கதிரையில் இருந்தார்.

எனக்குப் பெரிய கதையெல்லாம் வராது.
யூரியா விலை, சாக்கு விலை சொன்னேன்.
அவர் அழுதார். நான் கல்குலேட்டரைத் துடைத்தேன்.
பின்னேரம் தங்கச்சிக்காரி ஓடிவந்தா.
இருவரும் பாதையேறிக் குருமண்வெளிக்கு,
அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு.
இன்னும் மாதம் ஒருக்கால் போய்வருகிறாராம்.

இப்போது முன்மாரி விதைப்பு.
விதைநெல்லை எதிர்க்கடையில் வாங்குகிறார்.
கண்முன்னே வைத்துக்கொண்டு இல்லையென்றேனாம்,
கடைக்காரி தன்னை மதிக்கவில்லையாம்.
காலையில் மோட்டார்சைக்கிளில் போகையில்
முகத்தை வெட்டித் திருப்புவார்.

நான் அந்நேரம் வாசலில் நிற்பேன்,
அந்தக் கோபம் இன்றைக்கும் போகிறதா என்று பார்க்க.

போகிறது.
கடையைத் திறக்கிறேன்.