மேற்படி

நகல் பிரிவில் எனக்கு வேலை
ஒப்புநோக்குவது.
ஜெயசீலி மூலத்தை உரக்க வாசிப்பாள்.
நான் நகலின் மேல் விரல் ஓட்டிக்கொண்டே போவேன்.
காற்புள்ளி வந்தால் "கமா" என்பாள்.
நான் "ம்" என்பேன்.

செம்பூரணிப்பட்டிக் கண்மாயில்
மீன்பாசி ஏலத் தகராறு,
நாலு பேர் வெட்டுப்பட்டுச் செத்த வழக்கு.
எதிரிகள் பதினொரு பேர்.
(எங்கள் கோர்ட்டுத் தமிழில்
குற்றம் சாட்டப்பட்டவனுக்கு
முதல் வாய்தாவிலிருந்தே எதிரி என்றுதான் பெயர்.)
பதினொருவருக்கும் தூக்கு.
தீர்ப்பு நூற்று அறுபத்து நாலு பக்கம்.
ஆளுக்கொரு நகல், இலவசம்.
நாலாவது ரீமை உடைக்க வேண்டிவந்தது.

முதலாம் எதிரிக்கு முப்பத்தெட்டுப் பக்கம்:
அரிவாளின் நீளம், பிடியில் காய்ந்த ரத்தம்,
போன வருஷத்து ஏலத்தில் போட்ட சபதம்.
இரண்டாமவனுக்கு ஒன்பது.
மூன்றாமவனுக்கு நாலு.
நாலாமவனுக்கு ஒரு பத்தி.
அதற்குப் பிறகு
"மேற்படி காரணங்கள்
5 முதல் 11 வரையுள்ள எதிரிகளுக்கும் பொருந்தும்."

ஜெயசீலி "முற்றுப்புள்ளி" என்றாள்.
எனக்கு "ம்" வரவில்லை.

ஏழு கழுத்து, ஒரு வரி.
அந்த வரியில் ஒரு கமாகூட இல்லை.

ஐந்தாம் எதிரி ஆண்டிச்சாமி, த/பெ சோணை.
எட்டாம் எதிரி ஆண்டிச்சாமி, த/பெ மாயழகு.
டீக்கடைச் சாட்சி சொன்னது,
"ஆண்டிச்சாமியும் அங்கன நின்னான்."
நின்றவன் ஒருத்தன்.
எவன் என்று குறுக்கு விசாரணையிலும் வரவில்லை.

தண்டனை குறித்து ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டது
நூற்று அறுபதாம் பக்கம்.
சாப்பாட்டு இடைவேளைக்குள் முடிந்துவிட்டது.
ஒன்பதாம் எதிரி தவசி சொன்னான்:
"சாயங்காலம் மாடு கறக்க ஆளில்லைங்கய்யா."
அதை அப்படியே பதிந்திருக்கிறார்கள்.
தண்டனையைக் குறைக்கத்தக்க சூழ்நிலை ஏதுமில்லை என்பதையும்
அடுத்த வரியில் பதிந்திருக்கிறார்கள்.

எங்கள் பிரிவில் ஒரு விதி.
மூலத்தில் பிழை இருந்தால்
நகலிலும் அந்தப் பிழை இருக்கவேண்டும்.
திருத்தினால் மெமோ.
கடைசிப் பக்கத்தில் "கழுத்தில் கயிரிட்டு" என்றிருந்தது.
"சின்ன ர" என்றாள் ஜெயசீலி.
சின்ன ர, பதினொரு தடவை.

நான் குடியிருப்பது சாமநத்தம்.
எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றிய இடம் என்பார்கள்.
நடந்ததோ கதையோ.
வருஷக்கணக்காய் அந்தப் பஸ்ஸில் போய் வருகிறேன்,
எண்ணாயிரத்தில் ஒருத்தன் பேரை
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
ஓலையில் எழுதியிருந்தால்
முதல் ஆளுக்கு ஒரு பேர் இருந்திருக்கும்.
மிச்சப் பேருக்கு ௸.

நேற்று வெள்ளைத்தாய் வந்திருந்தாள்,
செத்த நால்வரில் மூன்றாவது ஆளின் மனைவி.
"எங்க வீட்டுக்காரரு பேரு எந்தப் பக்கத்துல வருது?"
தேடினேன்.
மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு தடவை.
அப்புறம் கடைசிவரைக்கும்
"மேற்படி இறந்தவர்கள்".
பேர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள், எடுக்கவில்லை.
"வெட்டுனது மூணு பேரு சார்.
கண்ணால பாத்தேன், கூண்டுல ஏறிச் சொன்னேன்.
மத்தவக மூஞ்சியே எனக்குத் தெரியாது.
அம்புட்டுப் பேரையும் என் புருசன் கணக்குலயா எழுதுனீக?"
ஸ்டாம்பு விற்கும் ஜன்னலைக் கைகாட்டினேன்.
வேறென்ன காட்ட.

இன்று கட்டுகள் ஜீப்பில் ஏறின, ஒத்தக்கடைக்கு.
யானைமலைக்குக் கீழே வேறு இருவர்
முதலிலிருந்து படிப்பார்கள்.
படிக்கவேண்டும்.

பக்கத்துக்குப் பக்கம் ஊதா முத்திரை, "உண்மை நகல்".
அதன் கீழே என் கையெழுத்து.
முதல் நகலில் தகப்பன் பேரின் முதலெழுத்தோடு முழுசாய்ப் போட்டேன்.
பதினொன்றாவதில்
ஒரு கோடு.