இருபது சொற்கள், வெள்ளிக்கிழமைக்குள்

கோடியாக் தீவில் மழை
மேலிருந்து பெய்வதில்லை, பக்கவாட்டில் வரும்.
துறைமுகத்துக்கு எதிரே, காசு போட்டால் துவைக்கும் கடை.
வியாழன் மாலையும் சனி ஞாயிறும்
கல்லாவுக்குப் பின்னால் நான்.
எனக்குப் பின்னால் பன்னிரண்டு உலர்த்திகள்,
முன்னால் இருபது அட்டைகள்.

மிஸ் தோர்சன் திங்கள்தோறும் தருவாள்.
கல்லூரிக்குப் போக ஆயிரம் வேண்டுமாம்.
அகராதிப் பொருளை உருப்போட்டால்
உலர்த்தியைத் திறந்ததும் வரும் ஆவிபோல் போய்விடுகிறது.
ஆகவே ஒரு வழி கண்டேன்:
சொல்லுக்கு ஓர் ஆள்.

டெனேஷியஸ் – மாங் இஸ்கோ.
மீன் வாடை ஏறிய மேலங்கியை
மூன்று முறை துவைப்பார், முகர்வார்,
நான்காவதாகவும் போடுவார்.
உடும்புப்பிடி வாடைக்கா அவருக்கா
என்று அட்டையில் குறிக்கவில்லை.

லொக்வேஷியஸ் – ஆலிங் பசீட்டா.
இலோய்லோவில் இருக்கும் தங்கையோடு போனில்,
துவைத்து அலசிப் பிழிந்து முடித்த பிறகும்
"சரி, வைக்கிறேன்" வரைக்கும் வந்து சேராதவள்.

டாசிடர்ன் – கேப்டன் ஆஸ்குட்.
நாணயங்களை வரிசையாக அடுக்குவார்.
விரலால் ஒரு தட்டு. அதுதான் வணக்கம்.
போய்வருகிறேனும் அதுவேதான்.

பார்ஸிமோனியஸ், வெளியே சொல்லாதீர்கள், என் அப்பா.
எங்கள் துணியை மட்டும் வீட்டில் கொடியில் காயப்போடுவார்.
காற்று இலவசம் என்பார்,
அந்தக் காற்றில் பாதி கடல் என்பதை மறந்து.

டிஃபிடென்ட் – ஹெர்லிண்டா.
என் வகுப்பு, சால்வடோர்க்காரி.
விடை தெரிந்தாலும் கை தோளுக்கு மேல் எழாது.
இந்த முறையை அவளுக்குச் சொன்னதே நான்தான்.

ஊர் முழுவதும் என் பெட்டிக்குள் வந்துவிட்டது.
ஒன்றுதான் மிச்சம்: சூப்பர்சிலியஸ்.
பொருள் தெரியும், பொருத்தமான ஆள் இல்லை.
இந்தச் சின்னத் தீவில்
மற்றவர்களைக் கீழே வைத்துப் பார்க்கிற
அவ்வளவு பெரிய மனிதர் யார்?
காலியாக விட்டேன்.

வியாழன் மாலை ஹெர்லிண்டா வந்தாள்.
போர்வையை உலர்த்தியில் போட்டுவிட்டு
தம்பியை அழைத்துவரப் போனாள்.
நோட்டு மேஜைமேல்.
காற்று புரட்டியது என்று சொல்லலாம்.
கதவு சாத்தியிருந்தது. நான்தான்.

டெனேஷியஸ் – குளியலறைச் சுவரின் பாசி.
டாசிடர்ன் – அக்டோபரில் அம்மா.
டிஃபிடென்ட் என்ற இடத்தில்
ஒரு கோடு, ஆள் இல்லை.
பிறகு, சாய்வே இல்லாத குட்டி எழுத்தில்
சூப்பர்சிலியஸ் – ரோவெனா.

ரோவெனா என்பது என் பெயர்.

சண்டைக்கு முன் ஆதாரம் வேண்டுமே,
அகராதியை எடுத்தேன்.
லத்தீனாம். மேலே என்பது ஒரு பாதி,
கண்ணிமை மறுபாதி,
சேர்ந்தால் புருவம்.
அவ்வளவுதான். ஒரு புருவம் எழும்பி
ஒரு சொல்லாகிவிட்டது.

நான்காம் எண் உலர்த்தியின் வட்டக் கண்ணாடிக்குள்
அவள் போர்வை சுழன்றுகொண்டிருந்தது.
கண்ணாடிமேல் என் முகம், அசையாமல்.
இடப்புருவம் ஏற்கெனவே மேலே இருந்தது.
எப்போதிலிருந்து, தெரியவில்லை.

திரும்பி வந்தாள். மடிக்க வந்தேன்.
இரண்டு முனை அவள், இரண்டு முனை நான்,
நடுவில் சூடான துணி.
நோட்டு இடம் மாறியிருப்பதை அவள் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
டிஃபிடென்ட் என்று நினைக்கப் போனேன்,
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
அவள் பார்வை நேராகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை இருபதுக்குப் பத்தொன்பது.
அப்பாவின் சொல்லில் ஓர் எழுத்துக் குறைந்துவிட்டது,
அவர் சிக்கனம் என்னிடமும் ஒட்டியிருக்கிறது.

சனிக்கிழமை கேப்டன் ஆஸ்குட் நாணயங்களை அடுக்கினார்.
தட்டவில்லை.
"உன் நாலாம் நம்பர் என் சாக்ஸைத் தின்கிறது"
என்று தொடங்கி ஆறு நிமிடம் பேசினார்:
சாக்ஸ், அதைப் பின்னிய அண்ணி,
அண்ணியின் மூன்று கணவர்கள்,
மூன்றாமவன் மீனவனாக இருந்தும்
நீந்தக் கற்காதது.

நல்ல வேளை,
அட்டைகளில்
பென்சிலால்தான் எழுதியிருந்தேன்.